செயலாளரின் ஆண்டறிக்கை: லக்ராஸ் அணியின் முதல் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பெரியவர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, நூலகம், ஞாயிறு தமிழ் வகுப்பு மூன்றும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய பெண்பிள்ளைகளின் லக்ராஸ் அணியைப் பற்றியே நான் அதிகம் பேசப்போகிறேன். நுனியில் வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து, எறிந்து, கோல் போடும் ஆட்டம் லக்ராஸ்.

சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "நம்ம வீட்டுப் பிள்ளைங்க யாருமே தொட்டுப் பார்க்காத ஆட்டத்துக்கு எதுக்குப் பணம்? டென்னிஸ் போதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன் ஐயா.

பதில் நம் பக்கத்திலேயே, சிகாகோவை ஒட்டி ஏரிக்கரையில் உள்ள எவன்ஸ்டன் ஊரில் இருக்கிறது. அங்குள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் தன் பெண்கள் லக்ராஸ் அணியை 1992-ல் நிறுத்திவிட்டது. அதன் பிறகு மாணவிகள், பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணியாக இல்லாமல், கிளப் அளவில்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2000-ல் கெல்லி அமோன்ட்டே ஹில்லரைப் பயிற்சியாளராக அழைத்தார்கள். மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்காக ஆடி இரண்டு முறை தேசியப் பட்டம் வென்றவர் அவர். நம் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணிக்கு ஐஸ் ஹாக்கி ஆடிய டோனி அமோன்ட்டேயின் தங்கை என்றால் நம் பிள்ளைகளுக்கு இன்னும் எளிதில் புரியும். 2002 பருவத்தில் அணி மீண்டும் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணியாகக் களம் இறங்கியது.

லக்ராஸ் அப்போது கிழக்குக் கடற்கரைக்காரர்களின் ஆட்டம். அங்கே பள்ளியிலேயே ஸ்டிக்கோடு வளர்ந்த பெண்கள், பெயரே கேள்விப்படாத அணிக்காக இலினாய் குளிருக்கு ஏன் வரப்போகிறார்கள்? வளாகத்தில் ஓட்டம் ஓடிக்கொண்டிருந்த இரட்டைச் சகோதரிகளைப் பார்த்தார் பயிற்சியாளர். இருவரும் முதலாண்டு மாணவிகள், லக்ராஸ் ஆடியதே இல்லை. ஓடுகிற விதம் பிடித்துப்போய், ஆட வாருங்கள் என்று கூப்பிட்டார். 2005-ல் அந்த அணி ஆடிய 21 ஆட்டங்களையும் வென்று தேசியப் பட்டம் பெற்றது. கிழக்கு நேர மண்டலத்துக்கு வெளியே இருந்து அதை வென்ற முதல் பெண்கள் அணி அதுதான். 2009 வரை ஐந்து ஆண்டும் பட்டம் அவர்களிடமே இருந்தது. பிறகு 2011, 2012, 2023 என்று மேலும் மூன்று.

அந்தப் பட்டங்களை விட, ஓடிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துக் கூப்பிட்டாரே, அந்த ஒரு காரியம்தான் என் மனதில் நின்றது. நம் பயிற்சியாளரும் அதையே செய்தார். கல்லூரியில் கிளப் அணிக்கு ஆடியவர், நம் உறுப்பினரின் மகள், சம்பளம் வாங்காமல் வருகிறார். கோடைச் சுற்றுலாவில் கபடி ஆடிய பிள்ளைகளை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கீழே விழுந்ததும் எழுந்து ஓடியவர்களின் அம்மாக்களிடம் போய்ப் பேசினார். பதினொரு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் பரதம் பயில்பவர்கள். காலை ஊன்றித் திரும்புவதில் அவர்களை மற்றவர்களால் நெருங்க முடியவில்லை என்கிறார்.

முதல் ஆறு வாரமும் தரையில் உருளும் பந்தைக் குனிந்து அள்ளுவதும், அதை வலையில் தங்கவைப்பதும்தான். ஸ்டிக்கை ஆட்டிக்கொண்டே ஓடாவிட்டால் பந்து நழுவிவிடும். ஆங்கிலத்தில் 'கிரேடில்' என்பார்கள். வேடிக்கை பார்க்க வந்த பாட்டி ஒருவர், "தூளி ஆட்டற மாதிரி ஆட்டுடி, பிள்ளை முழிச்சுக்கப் போகுது" என்றார். இன்றைக்கு எங்கள் திடலில் அதற்குப் பெயரே தூளி ஆட்டுதல்தான்.

பந்து பட்டுவிடுமே என்ற பெற்றோரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கெட்டியான ரப்பர் பந்து, பட்டால் வலிக்கும். ஆனால் பெண்கள் ஆட்டத்தில் உடம்போடு மோதுவதற்கு அனுமதி இல்லை. கண்ணுக்குக் காகில்ஸும் பல்லுக்குக் கவசமும் போடாமல் யாரையும் நாங்கள் களத்தில் இறக்குவதில்லை.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். இந்த ஆட்டம் ஹோடினோஷோனி முதலான, இந்த அமெரிக்க மண்ணின் மூத்த குடிகளுடையது. படைத்தவனுக்காக ஆடுவது, நோய் தீர ஆடுவது என்று அவர்கள் போற்றுவது. ஹிக்கரி மரத்தை வளைத்து ஸ்டிக் செய்யும் கைகள் அவர்களிடம் இன்றும் உண்டு. பிறர் வீட்டுச் செல்வத்தைக் கையில் வாங்கும்போது அது யாருடையது என்று தெரிந்து வாங்க வேண்டும். இதில் செயற்குழு முழுவதும் ஒரே மனதாக இருந்தது.

நான்கு ஆட்டம் ஆடினோம், நான்கிலும் தோற்றோம். மூன்றாவது ஆட்டத்தில்தான் முதல் கோல். போட்டவள் சென்ற ஆண்டு வரை மேடையேறவே கூச்சப்பட்ட பிள்ளை. அவள் அப்பா அன்று அழுததை நான் பார்த்தேன். இலையுதிர் காலத்தில் நமக்குத் தருவதாகச் சொன்ன ஒரு திடல் கடைசி வாரத்தில் கைவிட்டுப் போனது. பதினைந்து நாள் பயிற்சி கெட்டது. எழுத்தில் வாங்காமல் வாய்ச்சொல்லை நம்பியது என் தவறு. இனி எழுத்தில் வாங்குவேன்.

நம் மாநில உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் லக்ராஸுக்கு மாநிலப் போட்டி நடக்கிறது. 2028-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் இந்த ஆட்டம் உண்டு. நம் பிள்ளைகளில் இருவர் அடுத்த ஆண்டு தங்கள் பள்ளி அணியின் தேர்வுக்குப் போகிறார்கள்.

இப்போது சபையின் ஒப்புதலுக்கு இரண்டு கோரிக்கைகள். கோல்காப்பவருக்கு முழுக் கவச உடை ஒன்று வாங்க வேண்டும், இதுவரை இரவல் உடையில்தான் நின்றாள். செவ்வாய், வியாழன் மாலைகளில் பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்து விட இன்னும் நான்கு பேர் வேண்டும். கேள்வி கேட்ட ஐயா தம் பெயரை நேற்றே கொடுத்துவிட்டார். மற்ற மூவர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொன்னால் போதும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்