வேலி போட்டால் பிழைக்காத புதினா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அரிய வாசனைச் செடிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஹைலண்ட்ஸ் மாவட்டத்து மணல்மேட்டில் மட்டும் வளரும் டைசெராண்ட்ரா ஃப்ரூட்டசென்ஸ் என்ற காட்டுப் புதினாவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். துளசி, தும்பை, ஓமவல்லி எல்லாம் அதற்குப் பங்காளிகள்தான். முப்பது வருடம் தாவரவியல் பாடம் எடுத்தவன் என்பதால் ஆசையாகப் படித்தேன். கடைசிப் பத்திதான் உறுத்தியது. வேலி போட்டு, மனிதர் கை படாமல் விட்டால் செடி பிழைத்துக்கொள்ளும் என்று முடித்திருக்கிறீர்கள். இந்தச் செடியைப் பொறுத்தவரை அது தவறு.

பூச்சியியல் அறிஞர் தாமஸ் ஐஸ்னர் அங்குள்ள ஆர்ச்போல்டு உயிரியல் நிலையத்தில் இதன் இலைகளைப் பூச்சிகள் பெரும்பாலும் கடிக்காமல் விடுவதைக் கவனித்தார். இலைக்குள் பொதிந்திருந்த எண்ணெயில் டிரான்ஸ் புலெகோல் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்; எறும்புகள் அதன் பக்கம் வருவதில்லை. இதையெல்லாம் கட்டுரை நன்றாகவே சொல்கிறது. ஆனால் அந்த எண்ணெயால் பூச்சியைத்தான் விரட்ட முடியும், நிழலை விரட்ட முடியாது.

செடி முழங்கால் உயரம்தான் இருக்கும். சுற்றிலும் குட்டை ஓக் மரங்களும் மணல் பைன்களும். அவை அடர்ந்து மூடினால் இதற்கு வெயில் கிடைக்காது. முன்பு மின்னல் விழுந்து காடு அவ்வப்போது எரியும். அந்தத் தீயில் இந்தப் புதினாவும் செத்துப்போகும், வேரிலிருந்து மறுபடி துளிர்க்காது. ஆனால் மணலுக்குள் கிடக்கும் விதை, மேலே இடம் வெளித்ததும் முளைக்கும். ஆர்ச்போல்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததில், 6 முதல் 12 ஆண்டுக்கு ஒருமுறை தீ வருவதுதான் இதற்கு ஏற்றது என்று தெரிந்தது. தீ பரவாமல் இருக்க வெட்டிவைத்த மணல்பாதைகளின் ஓரத்திலும் இது செழிப்பாக நிற்கிறதாம். (இதைப் படித்துவிட்டு யாரும் நம் சோலைக்காட்டில் தீக்குச்சி கிழிக்க வேண்டாம். அது வேறு காடு, வேறு கணக்கு.)

சரி, கொளுத்திவிட வேண்டியதுதானே என்றால், அங்கேதான் சிக்கல். அந்த மேட்டுக்காட்டில் பெரும்பகுதி ஆரஞ்சுத் தோட்டமாகவும் வீட்டுமனையாகவும் போய்விட்டது. இதே செடியின் ஒரு வகை என்று முதலில் நினைத்து, 1989இல் தனி இனமாகப் பிரித்த டைசெராண்ட்ரா கிறிஸ்ட்மேனியின் கதை இன்னும் மோசம். அதற்குப் பாதுகாப்புள்ள இடம் என்று சொல்ல, ஃபிளமிங்கோ வில்லாஸ் என்ற பழைய மனைப்பிரிவில் உள்ள சரணாலய நிலம்தான் இருக்கிறது. பிளாட் பிளாட்டாக எப்போதோ விற்றுத் தீர்த்த நிலம் அது. அரசு அதைத் துண்டு துண்டாகத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது. நடுநடுவே தனியார் மனை இருந்தால் எந்த அதிகாரி துணிந்து தீ வைப்பார்? நம் ஊரில் ஏரிக்குள் மனை போட்டு விற்ற கதையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டைசெராண்ட்ரா ஃப்ரூட்டசென்ஸ் 1985இலேயே அழிவில் உள்ள இனமாக அமெரிக்க அரசின் பட்டியலில் ஏறிவிட்டது. பட்டியலில் ஏற்றுவதும் வேலி போடுவதும் முதல் வேலை. அப்புறம் ஆள் போட்டு, காற்றுப் பார்த்து, அளவாக எரிக்கிற வேலை தொடர்ந்து இருக்கிறது. கட்டுரையில் இல்லாமல் போனது அதுதான்.

இன்னொன்று. கட்டுரையோடு நீங்கள் போட்டிருந்த படம், சந்தையில் கட்டு கட்டாக விற்கும் நம் பிரியாணிப் புதினா. டைசெராண்ட்ராவுக்கு இலை ஒல்லி. பூ வெளிர்நிறம், அதில் ஊதாப் புள்ளிகள். மகரந்தப்பையில் இரண்டு குட்டிக் கொம்புகள் இருக்கும், பெயரே அதனால் வந்தது. பூவுக்கு வரும் ஈ அந்தக் கொம்பில் இடித்தால் மகரந்தம் அதன் மேல் கொட்டும். அடுத்த இதழில் சரியான படத்தைப் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
தென்காசி.