என் மகளின் பல்லைப் பார்த்தது யார்? கிழக்கு இலங்கையின் பல் வைத்தியர்களுக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாரே, அம்மாமாரே,

பல்லுக்குக் கம்பி போடும் கிளினிக்குகளுக்குள் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் அதற்கு எதிரி இல்லை. 1931 இலிருந்து வைத்தியர்கள் தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கையால் புள்ளி வைத்துத் தாடை, பல்லின் கோணம் அளந்த வேலையை மென்பொருள் நொடிகளில் முடிக்கிறது. மிஞ்சும் நேரம் பிள்ளையின் வாயைப் பார்க்கக் கிடைத்தால் நல்லதுதானே. எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மகளுக்குப் 13 வயது. பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறாள். வாகரையிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு 60 கிலோமீற்றருக்கு மேல். "மாதாமாதம் வரத் தேவையில்லை, போனில் படம் அனுப்புங்கள், அப் (செயலி) பார்க்கும்" என்று கிளினிக்கில் சொன்னார்கள். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிஞ்சும் என்று சம்மதித்தேன். சனி இரவுகளில் கன்னத்தை விரிக்கும் பிளாஸ்டிக்கை வாயில் மாட்டி, எச்சில் வழிய அவள் இருப்பாள். நான் டோர்ச் பிடிப்பேன். படம் தெளிவில்லை, திரும்ப எடு என்று ஆங்கிலத்தில் வரும். வாசித்துச் சொல்வதும் அவள்தான்.

நான்காம் மாதம் கடைவாய்ப் பக்கம் கம்பி நுனி நீண்டு கன்னத்தைக் குத்தியது. அந்த வாரமும் எல்லாம் சரி என்றே பதில். பல் நகர்வதைப் பார்க்கிற மென்பொருளுக்கு, படத்தில் விழாத புண் எப்படித் தெரியும்? போன் எடுத்தால், "அப்பில் சரியென்றுதானே காட்டுது அம்மா" என்றார்கள். பத்து நாள் கஞ்சி குடித்தாள். கடைசியில் பஸ் ஏறிப் போனோம். நுனியை வெட்ட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நான் கேட்பது இதுதான்: கணினி சொல்லும் ஒவ்வொரு முடிவையும் தகுதியுள்ள வைத்தியர் ஒருவர் பிள்ளையின் வாயோடு ஒப்பிட்டுப் பார்த்து, தன் பெயரெழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும்.

கணினி போட்ட முதல் சிகிச்சைத் திட்டத்தில் நான்கு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கச் சொல்லியிருந்தது. ஏன் என்று கேட்டேன். கணினியின் அளவு என்றார்கள். யாருடைய அளவு? இந்தக் கோண அளவுகளில் பல, வெள்ளை அமெரிக்கரின் முகங்களை வைத்து வந்தவை. எங்கள் பிள்ளைகளின் உதடு இயல்பாகவே கொஞ்சம் நிரம்பியது. பிடுங்கிய பல் திரும்பி வராது.

அப்புறம், அவளுடைய முகப்படங்கள் எந்த நாட்டுக் கணினியில் கிடக்கின்றன? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. என்னிடம் கையெழுத்து வாங்கிய தாளில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. மருந்துச் சிட்டையிலிருந்து எல்லாமே எங்களுக்குப் புரியாத மொழியில்தான் வருகிறது. வாகரை, பொத்துவில் போன்ற ஊர்களுக்குத் தூரத்தைக் காரணம் காட்டி வைத்தியருக்குப் பதில் போனைத் தருவது நியாயமா?

கோபத்தில் எழுதியது தெரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து பார்த்தவரின் பெயரும் கையெழுத்தும், தமிழில் விளக்கமும் கட்டாயம் என்று எல்லாக் கிளினிக்குகளுக்கும் அறிவியுங்கள். அடுத்த மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வருகிறேன். அன்று தரும் துண்டில் ஒரு மனிதரின் பெயர் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாகரையிலிருந்து ஒரு தாய்