ஒரு மிடறு தண்ணீருக்கு இத்தனை பேர்

ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு நன்றி சொன்னால் "இதுக்கெல்லாமா" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதிவிடுகிறேன், இங்கே யாரும் குறுக்கே பேச முடியாது. எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்எஸ் என்ற நரம்பு நோய், இருப்பது உங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். கால் தடுமாறுவதும் கை மரத்துப்போவதும் கண் மங்குவதும் தெரியும். சாப்பிட உட்கார்ந்தால் விழுங்குவதற்கு நான் படுகிற பாடு மட்டும் சிலருக்குத்தான் தெரியும். அந்தச் சிலருக்குத்தான் இந்த மடல்.

முதலில் அக்காவுக்கு. வீட்டில் எல்லாரும் சளி, சளி என்று பேசிக்கொண்டிருந்தபோது இவள் ஒருத்திதான் இது சளி இல்லை என்று பிடித்தாள். தண்ணீர் குடித்ததும் என் குரல் ஈரமாக, களகளவென்று மாறுவதையும், சாப்பாட்டுக்கு நடுவே திரும்பத் திரும்பத் தொண்டையைச் செருமுவதையும், மற்றவர்கள் கை கழுவிவிட்டு வந்த பிறகும் என் தட்டு பாதிகூடக் காலியாகாமல் இருப்பதையும் கவனித்து, எது சாப்பிட்டபோது, எந்த வேளையில், உட்கார்ந்தா சாய்ந்தா என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தாள். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அந்த நோட்டைத்தான் நரம்பியல் மருத்துவர் மேசைமேல் வைத்து வரிவரியாகப் படித்தார். அதற்கு முன் ஓர் இடத்தில் "எம்எஸ் என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இருக்கத்தான் செய்யும், சரி, அதற்காக அப்படியே விட்டுவிடுவதா?

இந்த மருத்துவர் உட்கார வைத்து விளக்கினார். விழுங்குவதை நடத்துகிற மையம் மூளைத்தண்டில் இருக்கிறது. அங்கிருந்து ஐந்து ஜோடி மண்டை நரம்புகள் வழியாக நாக்கு, அண்ணம், தொண்டை, குரல்வளை என்று முப்பதுக்கும் மேற்பட்ட தசைகளுக்குச் சேதி போகவேண்டும், அதுவும் வரிசை பிசகாமல். எம்எஸ் அந்த வழியில் எங்காவது நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை அரித்திருந்தால் சேதி தாமதமாகும். மூச்சுக்குழல் மூடுவதற்குள் தண்ணீர் இறங்கிவிடும். எம்எஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் இந்தத் தொல்லை இருக்கிறதாம். இத்தனை பேருக்கு இருந்தும் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நடக்க முடியவில்லை என்று சொல்ல வராத வெட்கம் விழுங்க முடியவில்லை என்று சொல்ல எப்படியோ வந்துவிடுகிறது.

அடுத்து ஸ்பீச் தெரபிஸ்ட் அம்மாவுக்கு. பேச்சு சரியாக இருக்கும்போது ஸ்பீச் தெரபிஸ்ட் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. விழுங்குவதும் அவர்கள் துறைதான். பேரியம் கலந்த நீர்மத்தையும் உணவையும் கொடுத்து, நான் விழுங்க விழுங்க எக்ஸ்ரேயில் அசையும் படமாக எடுத்தார்கள். மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுத் தொண்டையைப் பார்க்கிற பரிசோதனையும் இருக்கிறது, எனக்கு முதலாவதே போதுமாக இருந்தது. திரையில் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது. இருமல் வந்த தடவைகளை விட, வராத சில தடவைகள்தான் மோசம். கொஞ்சம் மூச்சுக்குழலுக்குள் போயிருக்கிறது, தொண்டை ஒரு சத்தமும் போடவில்லை. புரையேறினால்தான் ஆபத்து, ஏறாவிட்டால் சாப்பாடு நன்றாக இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் இதைத் தனியாகச் சொல்ல ஆசை. நெஞ்சில் அடிக்கடி தொற்று வருவது, காரணம் இல்லாமல் காய்ச்சல், எடை குறைவது, இவையும் அறிகுறிகள்தான்.

அந்த அம்மா சொல்லிக்கொடுத்ததில் பாதி, கேட்டால் அற்பமாகத் தோன்றும். நிமிர்ந்து உட்கார், சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது சாயாதே, தாடையைக் கழுத்துப் பக்கம் தாழ்த்தி விழுங்கு, ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்கு, முந்தைய வாய் இறங்காமல் அடுத்ததை எடுக்காதே. தாடையைத் தாழ்த்துவது என் தொண்டைக்கு உதவுகிறது, அதைப் படத்தில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் பழக்கினார்கள். சிலருக்கு அது உதவாது, ஆகவே என்னைப் பார்த்து யாரும் நகல் எடுக்கவேண்டாம். மூக்கு இடிக்காதபடி ஒரு பக்கம் வெட்டிய கோப்பை ஒன்றையும் அவர்தான் காட்டினார். தலையை அண்ணாந்து குடிக்கத் தேவையில்லை. அதைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கும் ஒரு நன்றி.

தம்பிக்கு இந்த மடலில் பெரிய இடம் உண்டு. தண்ணீர்தான் எனக்கு ரொம்பக் கடினம், ஏனென்றால் அது எல்லாவற்றையும் விட வேகமாக ஓடுகிறது. கெட்டிப்பான் என்ற பொடியைக் கலந்து அதைக் கெட்டியாக்கிக் குடிக்கச் சொன்னார்கள். எவ்வளவு கெட்டி என்பதற்கு ஐடிடிஎஸ்ஐ என்ற பன்னாட்டு அளவுகோல் இருக்கிறது, 0 முதல் 7 வரை, வெறும் தண்ணீர் 0. எனக்குச் சொன்னது 2. தம்பி 10 மில்லி சிரிஞ்சை வைத்துக்கொண்டு 10 வினாடி ஓடவிட்டு, 4 முதல் 8 மில்லிக்குள் மிச்சம் நிற்கிறதா என்று ஒவ்வொரு புது டப்பாவையும் சோதிப்பான். எல்லா 10 மில்லி சிரிஞ்சும் ஒரே நீளம் இல்லை, அளவுக்கோடுகளின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருந்தால்தான் கணக்கு சரியாக வரும் என்று படித்துவிட்டு, தேடித் தேடி அதையே வாங்கி வந்தவன். உணவுத் துண்டுகள் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றால் அவன் நறுக்குவதில் அதற்கு மேல் ஒன்றுகூட இருக்காது. முள்கரண்டியால் கட்டைவிரல் நகம் வெளுக்கும் வரை அழுத்தி, நசுங்கியது மறுபடி எழும்பவில்லை என்று பார்த்துத்தான் தட்டில் வைப்பான். கேலி செய்துகொண்டே செய்வான், அதுதான் எனக்குப் பிடித்தது.

மருந்தாளுநர் ஐயாவுக்கு நான் பட்ட கடன் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. மலச்சிக்கலுக்காகக் குடிக்கிற மேக்ரோகால் பொடியை, மாவுச்சத்தால் ஆன கெட்டிப்பானோடு கலந்தால் கெட்டியெல்லாம் போய்த் தண்ணீராகிவிடும் என்று அவர்தான் கவனித்துச் சொன்னார். கெட்டியாக இருக்கிறது என்று நம்பிக் குடித்திருப்பேன். மாவுச்சத்து வகை, வாயில் எச்சில் பட்டாலும் இளகும், சாந்தன் கோந்து வகை அப்படி இளகாது என்பதும் அவர் சொல்லித் தெரிந்ததுதான். அப்புறம் மாத்திரை. விழுங்கக் கஷ்டமாக இருக்கிறதே, நுணுக்கிக் கலந்துவிடலாமா என்று கேட்டபோது, ஒவ்வொரு மாத்திரையாக எடுத்து எதை நுணுக்கலாம், எதற்குத் திரவ வடிவம் இருக்கிறது என்று பிரித்துக் கொடுத்தார். நடைக்காகச் சாப்பிடுகிற ஃபாம்ப்ரிடினை மட்டும் எக்காரணம் கொண்டும் நுணுக்கக்கூடாது, மெதுவாகக் கரையவேண்டிய மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் ஏறினால் வலிப்பு வரலாம் என்றார். சிறுநீர்ப்பைக்கான மாத்திரை வாயை உலர வைப்பதும் விழுங்குவதைக் கெடுக்கிறது என்று அவர் குறிப்பு எழுதிக் கொடுத்ததால்தான் மருத்துவர் அதை மாற்றினார்.

சிறுநீர்ப்பை என்றதும் செவிலியர் அக்கா ஞாபகம் வருகிறார். எம்எஸ் உள்ளவர்களுக்கு அவசரமாகப் போகவேண்டியிருப்பதால் நாமாகவே தண்ணீரைக் குறைத்துக்கொள்வோம். போதாததற்குக் கெட்டித் தண்ணீர் நன்றாகவும் இருக்காது, மனசாரச் சொல்கிறேன், நன்றாகவே இருக்காது. இரண்டும் சேர்ந்தால் உடம்பு வறண்டு, சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சல் வந்து, காய்ச்சலில் எம்எஸ் தொந்தரவு அத்தனையும் கூடி, விழுங்குவது இன்னும் மோசமாகும். இந்த வட்டத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டி, நாள் முழுக்கச் சிறுசிறு அளவாகக் குடிக்க வைத்தவர் அவர். படுக்குமுன் பல் தேய்ப்பதில் அவர் காட்டிய கண்டிப்பும் அதே அளவு. உள்ளே தவறிப் போகிற எச்சிலோடு வாயில் உள்ள கிருமிகளும் போவதுதான் நுரையீரல் தொற்றுக்குப் பாதி காரணம் என்பார்.

இனி நண்பர்கள். நீங்கள் செய்தது சின்ன விஷயம் என்று நீங்களே நினைக்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் வாயில் உணவு இருக்கும்போது கேள்வி கேட்பதை நிறுத்தினீர்கள். இருமினால் முதுகில் தட்டுவதையும் தண்ணீரை நீட்டுவதையும் நிறுத்தினீர்கள். இருமல் பலமாக வந்துகொண்டிருந்தால் இருமவிடுவதுதான் சரி, சத்தமே வராமல் மூச்சு அடைத்தால்தான் முதுகில் ஐந்து தட்டு, பிறகு மேல்வயிற்றில் ஐந்து அழுத்தம். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் இதற்காகவே முதலுதவி வகுப்புக்குப் போய் வந்தது எனக்கு இன்னொருவர் சொல்லித்தான் தெரியும். மாலையானால் களைப்பில் என் தொண்டை தளர்ந்துவிடும் என்று தெரிந்து, இரவு விருந்தை மதியத்துக்கு மாற்றிய இரண்டு வீடுகளுக்கும் நன்றி. ஜன்னலோரம் குளிர்ச்சியான இடமாகப் பார்த்து உட்கார வைத்தவர்களுக்கும். உடல் சூடேறினால் எம்எஸ் தொந்தரவு தற்காலிகமாகக் கூடும்; உடலை வருத்தி உழைத்தால் பார்வை கொஞ்ச நேரம் மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்ஹாஃப் 1890-இலேயே எழுதிவிட்டார், அதற்குக் காரணம் உடல் சூடு என்பது பிறகுதான் தெரிந்தது. தொண்டைக்கும் அதே கதைதான்.

நன்றியோடு ஒரு முணுமுணுப்பும். அன்பால்தான் என்றாலும், கேட்காமல் என் தட்டை எடுத்துக்கொண்டுபோய் எல்லாவற்றையும் அரைத்துக் கொண்டுவருகிறவர்கள், தயவுசெய்து முதலில் கேளுங்கள். எனக்கு மென்மையாக வெட்டியது போதும், கூழ் தேவையில்லை. ஆனால் துண்டுகள் மிதக்கிற சூப் வேண்டாம், நீரும் திடமும் ஒன்றாக வாய்க்குள் வந்தால் எதை முதலில் கையாள்வது என்று என் நாக்குக்குத் தெரிவதில்லை. உணவு மேசையிலிருந்து என்னை விலக்காமல், மேசையை எனக்குத் தோதாக மாற்றியவர்கள் மேல்தான் எனக்கு அதிக மரியாதை.

இன்னொருவர் பாக்கி. வயிற்றில் நேரடியாகக் குழாய் வைப்பதைப் பற்றி, அது தேவைப்படாத இப்போதே என்னிடம் பேசிய மருத்துவர். கேட்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் குழாய் வைத்தாலும் பலரால் ருசிக்காகக் கொஞ்சம் வாய்வழி சாப்பிட முடியும் என்பதையும், வேண்டுமா வேண்டாமா என்று தெளிவாகப் பேச முடிகிற நேரத்திலேயே என் விருப்பத்தை எழுதி வைக்கலாம் என்பதையும் யாரும் அதுவரை சொன்னதில்லை. எழுதி வைத்துவிட்டேன், பிரதி அக்காவிடம் இருக்கிறது.

அடுத்த மாதம் மறுபடி அந்த பேரியம் பரிசோதனை. கெட்டியை 2-லிருந்து 1-க்குக் குறைக்க முடியுமா என்று பார்ப்பார்கள். முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன். கூட வர ஏற்கெனவே மூன்று பேர் பெயர் கொடுத்துவிட்டீர்கள், உள்ளே ஒருவருக்குத்தான் இடம். நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.