லெஜண்ட்ஸ் கார் கேட்ட பிள்ளைக்கு

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அதிலிருந்து உங்கம்மா என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. "பையன் ஆசையாச் சொல்றான், ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னா என்ன குறைஞ்சு போகுது?" என்று கேட்டவள், பதிலுக்கு நிற்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். சரி, யோசித்தேன். போனில் பேசினால் மறுபடி சம்பளக் கணக்கில்தான் போய் நிற்பேன். அதனால் எழுதுகிறேன். எட்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போன பெட்ரோல் செலவுக்காவது நீ இதை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் ஆக வேண்டும்.

டெட்ராய்ட் பக்கம் நல்ல வேலை, காப்பீடு, வருடா வருடம் சம்பள உயர்வு. அதை விட்டுவிட்டு இங்கே நம்ம ஷார்லெட் பக்கம் ஒரு சின்ன டீமில், நாஸ்கார் கார் பந்தயத்தின் கீழ்ப்படியான, எட்டுப் பந்தயம் ஓடும் கிழக்கு சீரிஸுக்குக் கார் தயார் பண்ண வருகிறேன் என்கிறாய். கேட்டதும் எனக்கு 2012 தான் ஞாபகம் வந்தது. உனக்கும் அதுதான் வந்திருக்கும். அதனால்தான் இரண்டு பேரும் போனில் அவ்வளவு நேரம் சும்மா இருந்தோம்.

அப்போது உனக்குப் பதினாலு வயது. ஹாரிஸ்பர்க்கில் லெஜண்ட்ஸ் கார் செய்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். 1930-களின் காரை எட்டில் ஐந்து பங்காகச் சுருக்கி, உள்ளே யமஹா பைக் எஞ்சினை வைத்த வண்டி. பொம்மை மாதிரி இருந்தது. விலையைக் கேட்டேன், பதிமூன்றாயிரம் டாலருக்குக் குறையாது என்றார்கள். டயர், டிரெய்லர், இழுக்க ஒரு பிக்கப், இடித்தால் ரிப்பேர் எல்லாம் தனி. திரும்பி வரும்போது காரிலேயே "வேண்டாம்" என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் ஐரேஸிங் என்ற கார் பந்தய விளையாட்டை ஓட்டினாய். அந்த ஸ்டியரிங் சத்தம் ராத்திரி ஒரு மணி வரை கேட்டது.

உனக்கு அந்த ஆசையை மூட்டிவிட்டதே நான்தான் என்பது வேறு விஷயம். 2010 மார்ச் கடைசியில் நரேன் கார்த்திகேயன் நாஸ்கார் டிரக் சீரிஸில் முதல் பந்தயம் ஓட்டுகிறார், நம்ம கோயமுத்தூர்க்காரர், இதை விடக் கூடாது என்று இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி மார்ட்டின்ஸ்வில்லுக்கு உன்னைக் கூட்டிப் போனவன் நான். ஃபார்முலா ஒன் ஓட்டிய மனுஷன், அரை மைல் டிராக்கில் பிக்கப் டிரக்கோடு மல்லுக்கட்டி 13-ஆவதாக வந்தார். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரத் தாத்தா "60-ஆம் நம்பர் யார், உங்க ஆளா?" என்று கேட்டபோது, என்னமோ நானே ஓட்டின மாதிரி "ஆமாம்" என்றேன். அந்த சீசன் முடிவில் ரசிகர்களுக்குப் பிடித்த டிரைவர் என்ற விருதும் அவருக்குத்தான் கிடைத்தது. ஓட்டுப் போட்டதில் நம் வீட்டுப் பங்கும் உண்டு.

இனி 2015. இதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

நீ வருகிறேன் என்கிற கிழக்கு சீரிஸுக்கு அப்போது கே அண்ட் என் ப்ரோ சீரிஸ் ஈஸ்ட் என்று பெயர். 1987-இல் தொடங்கியபோது புஷ் நார்த், அப்புறம் புஷ் ஈஸ்ட், கேம்பிங் வேர்ல்ட் ஈஸ்ட், இப்போது ஆர்கா மெனார்ட்ஸ் ஈஸ்ட். பணம் போடுகிறவர் மாறும்போதெல்லாம் இனிஷியல் மாறும் பிள்ளை. ஆனால் வேலை ஒன்றுதான்: பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் மேலே போவதற்கு முன் அடிபட்டுக் கற்றுக்கொள்கிற இடம்.

உன் வயதுப் பையன், இதே ஷார்லெட் ஊரில் வளர்ந்தவன், உன்னை மாதிரியே ஐரேஸிங்கில் ஓட்டிக் கற்றவன், வில்லியம் பைரன், அந்த வருடம் அதில் ஓட்டுகிறான் என்று நீ சாப்பாட்டு மேசையில் சொன்னாய். கம்ப்யூட்டரில் நூறு பந்தயத்துக்கு மேல் ஜெயித்துவிட்டு, 2012-இல்தான் முதன்முதலாக லெஜண்ட்ஸ் காரில் உட்கார்ந்தானாம். 2012 என்ற வருடத்தை நீ அழுத்திச் சொல்லவில்லை. எனக்குத்தான் அழுத்தமாகக் கேட்டது. சோறு இறங்கவில்லை. அதனால்தான் கிரீன்வில் பந்தயத்துக்கு நானாகவே டிக்கெட் வாங்கினேன். சமாதானம் பேச வந்த மாதிரி.

கிரீன்வில்-பிக்கன்ஸ் டிராக் உனக்கு நினைவிருக்கும். ஊருக்கு வெளியே அரை மைல் தார் வளையம். பார்த்தால் நம்ம ஊர் மாட்டுச் சந்தைத் திடல் அளவுக்குக்கூட ஜம்பம் இல்லை. ஆனால் 1971 ஏப்ரலில் ஒரு நாஸ்கார் பந்தயத்தைத் தொடக்கக் கொடியிலிருந்து முடிவுக் கொடி வரைக்கும் தொலைக்காட்சியில் முதன்முதலாக நேரடியாகக் காட்டியது அங்கிருந்துதான், ஜெயித்தது பாபி ஐசக் என்று நீ வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். நான் கூகுளைத் திட்டிக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

நாம் வேலி ஓரமாக, மிகவும் கீழ் வரிசையில் உட்கார்ந்தோம். தெரியாமல் செய்த தப்பு. கார்கள் போகப் போக டயரிலிருந்து ரப்பர் துணுக்கு பறந்து வந்து என் பாப்கார்னில் விழுந்தது. உன் தலைமுடியிலிருந்து ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தேன். சூடாக, பிசுபிசுவென்று, அரைத்த எள்ளுருண்டை மாதிரி. நீ காதில் மாட்டியிருந்த மஃப்பைக் கழற்றி "டயர் போயிடுச்சுப்பா, இனிமே பின்பக்கம் ஆடும்" என்றாய். நீ சொன்னதிலிருந்து மூன்றாவது சுற்றில் ஒரு கார் ஆடியது. அதுவரைக்கும் எனக்கு எல்லாம் இடது பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கிற கார்கள்தான். நீ என்ன பார்க்கிறாய் என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் புரிந்தது.

பைரன் அன்றைக்கு ஜெயித்தான். உனக்குக் கண் அவன் மேலே. என் கண் வேறு இடத்தில் இருந்தது. இத்தனை வருடமாக உன்னிடம் சொல்லாதது அதுதான்.

சின்ன டிராக்கில் நடுவில் ஓர் இடைவேளை விடுவார்கள் இல்லையா, பெரிய டீம் மாதிரி ஓட்டத்தின் நடுவே டயர் மாற்றுகிற பிட்டில் ஆள் வைத்துக்கொள்ள வசதி இல்லாதவர்களுக்காக. அந்த நேரத்தில் நமக்கு எதிரே ஏதோ பின் வரிசை டீமின் கார் வந்து நின்றது. நாலைந்து பேர். கதவு இல்லாத கார், டிரைவர் பையன் உள்ளேயே இருக்கிறான், ஜன்னல் வலையை இறக்கி ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார். அவன் கையால் எதையோ காட்டுகிறான்: காரின் மூக்கு திரும்ப மாட்டேன் என்கிறது. நரைத்த தலை ஆள் ஒருவர் ஒன்றும் பேசவில்லை. டயரை உள்ளங்கையால் மூன்று இடத்தில் தொட்டார், உள் ஓரம், நடு, வெளி ஓரம். அப்புறம் பின் கண்ணாடி வழியாக நீளமான ராட்செட்டை விட்டு, பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றும் திருகை ஒரு சுற்று திருப்பினார். ஒரே ஒரு சுற்று. காற்றுக் குழாய்க்காரரிடம் விரலால் "ஒன்று" என்று காட்டினார், ஒரு பவுண்டு காற்றைக் குறைத்தார்கள். அவ்வளவுதான். பந்தயம் மறுபடி தொடங்கி, அந்தக் கார் ஏழெட்டு இடம் முன்னேறியது.

உங்கப்பாரு, அதான் என் அப்பா, கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார் என்று உனக்குத் தெரியும். பம்ப் மோட்டார் ஷாஃப்ட்டை ஓடவிட்டு, ஒரு விரலை மட்டும் பாடி மேலே வைத்து, "அரை நூல் அதிகம்" என்பார். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் அரை நூல் அதிகமாகத்தான் இருக்கும். கிரீன்வில்லில் அந்த நரைத்த ஆள் டயரைத் தொட்டதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பாரு என்னிடம் சொன்னதும் "வேண்டாம்"தான். கிரீஸ் கையோட திரியாதே, படிச்சு மேசை வேலைக்குப் போ. போனேன். ஒரு பேங்குக்கு இருபத்தைந்து வருடமாக சாஃப்ட்வேர் எழுதுகிறேன். ஒரு தடவைகூட விரலை வைத்து எதையும் கண்டுபிடித்ததில்லை.

அன்றைக்கே உன்னிடம் அந்த ஆளைக் காட்டி, "டிரைவர் சீட்டை விடு, இதைப் பார்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் ஆறின புண்ணைக் கிளறிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று பயம். பார்க்கப்போனால் நீ என்னைக் கேட்காமலே மெக்கானிக்கல் எடுத்துப் படித்தாய்.

மிச்ச சீசனை நாம் பார்த்த விதம் உனக்கே தெரியும். பிரிஸ்டலுக்கு ஒரு தடவை போனோம். அந்தக் கான்கிரீட் கிண்ணத்துக்குள் சத்தம் வெளியே போகவே வழியில்லாமல் நெஞ்சில் வந்து இடித்தது. மற்றதெல்லாம் சில நாள் கழித்து டிவியில் போடும்போது. கொலம்பஸில் ரிகோ அப்ரேயு ஜெயித்தது ஞாபகம் இருக்கிறதா? நாலடி நாலங்குல மனுஷன், பெடலையும் சீட்டையும் தனக்கு ஏற்ற மாதிரி அமைத்துக்கொண்டு ஓட்டினார். உங்கம்மா அந்த ஒரு பந்தயத்தைத்தான் முழுசாக உட்கார்ந்து பார்த்தாள், முடிந்ததும் திருஷ்டி கழிக்கிற மாதிரி டிவி முன்னால் விரலைச் சொடுக்கினாள். சீசன் முடிவில் பட்டம் பைரனுக்கு. பதினேழு வயது, நாலு வெற்றி. அதற்கப்புறம் அவன் போன உயரம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024, 2025 இரண்டு வருடமும் நாஸ்காரிலேயே பெரிய பந்தயமான டேடோனா 500 அவனுக்கு. 2024-இல் அவன் ஜெயித்த அன்றைக்கு நீ எனக்கு அனுப்பிய மெசேஜில் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் இருந்தது. அதை எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்வது என்று இன்னும் எனக்குத் தெரியாது.

இப்போது நான் சம்பளக் கணக்குக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பைரன் ஓட்டிய டீம் ஹெச்ஸ்காட். அடுத்த வருடம் 2016-இலும் பட்டம் அவர்களுக்கே, ஜஸ்டின் ஹேலி ஓட்டினான். வரிசையாக இரண்டு பட்டம். அந்த வருடக் கடைசியில் கடையை மூடிவிட்டார்கள். ஜெயிக்கத் தெரியாமல் மூடவில்லை, கண்ணு. அந்த சீரிஸில் பரிசுப் பணத்தை வைத்து யாரும் ஷாப் நடத்த முடியாது. டிரைவர் பையனின் அப்பாவோ, அவன் பின்னால் வருகிற ஸ்பான்ஸரோ எழுதும் செக்கில்தான் எல்லாம் ஓடுகிறது. பையன் மேலே போய்விட்டால் செக்கும் அவன் கூடப் போய்விடும். கார் அப்படியே நிற்கும், அதைத் தொட்டுப் பார்த்துச் சரிசெய்த ஆள் அடுத்த ஷாப்பில் வேலை தேடுவான்.

அதனால் உன்னைக் கூப்பிடுகிறவரிடம் இதைக் கேள்: இந்த டிரைவர் அடுத்த வருடம் இல்லையென்றால் உனக்குச் சம்பளம் யார் தருவது? பதிலை வாயால் வாங்காதே, காகிதத்தில் வாங்கு. காப்பீடு எப்போதிலிருந்து என்று கேள். வேலை நாளில் எட்டு மணி நேரம் என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடு, பந்தய ஷாப்பில் கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை. இன்னொன்று, முடிந்தால் முதலில் ஒரு சனிக்கிழமை அங்கே போய்ச் சும்மா நில். தரையைப் பார். ஷாப் தரை சுத்தமாக, ஒவ்வொரு ஸ்பானரும் அதனதன் இடத்தில் தொங்கினால் நல்ல இடம். அப்பாரு யார் பட்டறைக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார்.

பதில் திருப்தியாக இருந்தால் வா. எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. 2012-இல் சொன்னது தப்பா சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. கையில் பணம் இல்லை என்பது நிஜம், பயம் என்பதும் நிஜம், எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. வாடகைக்கு அலையாதே, மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. உங்கம்மா இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன்பே மெத்தை உறையை மாற்றிவிட்டாள்.

அந்த அறையில் உன் பழைய ஸ்டியரிங்கும் பெடலும் அப்படியே இருக்கின்றன. சரி, அப்படியே இல்லை. போன தீபாவளியிலிருந்து ராத்திரியில் நான்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், உங்கம்மாவுக்கு மட்டும் தெரியும். மார்ட்டின்ஸ்வில்தான் ஓட்டுகிறேன், நரேன் ஓட்டிய இடம் என்பதால். மூன்றாவது திருப்பத்தில் தார் முடிந்து கான்கிரீட் தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் சுழன்று சுவரில் போய் இடிக்கிறேன். எங்கே பிரேக்கை விட வேண்டும் என்று வந்து சொல்லிக்கொடு.

அப்பா