பௌர்ணமிக்குக் கண்டி, அமாவாசைக்கு நல்லூர்

கோத்தகிரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை துபாயிலிருந்து போனில் நீ சாதாரணமாகத்தான் கேட்டாய்: "ஆகஸ்ட்டில பிள்ளைகளுக்கு லீவுப்பா, ஒரு வாரம் இலங்கை போயிட்டு அப்படியே கோத்தகிரி வரலாம்னு இருக்கோம். அங்க அப்ப என்ன விசேஷம் இருக்கும்?" எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. உன் அம்மா போனை வாங்கிப் பேச்சை மாற்றிவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. டிக்கெட் போடுவதற்கு முன்னால் படியுங்கள்.

முதலில் ஹோட்டல். தென்மேற்குக் கரையில், பெந்தோட்டையில் கடற்கரை ஹோட்டல் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாய். ஆகஸ்ட்டில் அது வேண்டாம். நம் நீலகிரிக்கு மழை கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்றுதான் அங்கேயும் அடிக்கும். மே முதல் செப்டம்பர் வரை தெற்கும் மேற்கும் கடல் கொந்தளிக்கும், பிள்ளைகளை இறக்க முடியாது. அந்த மாதங்களில் கிழக்குக் கரைதான் அமைதி. திருகோணமலைக்குப் போங்கள். நிலாவெளியில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். கோணேசர் கோயிலையும் பார்த்துவிடலாம்.

இனி விசேஷம். இதற்கு நாள்காட்டியைப் பார்ப்பதைவிட நிலாவைப் பார்ப்பது சுலபம். ஆடி அமாவாசையை முதல் நாளாக வைத்து எண்ணினால் ஆறாம் நாள் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயிலில் கொடி ஏறும். இருபத்தைந்து நாள் திருவிழா. 24ஆம் நாள் தேர். மறுநாள் ஆவணி அமாவாசையில் தீர்த்தம். ஏறக்குறைய நல்லூரில் கொடி ஏறும் நாட்களில்தான் கண்டியிலும் பெரஹரா, அதாவது தலதா மாளிகையின் யானை ஊர்வலம், தெருவுக்கு வரும். அது பௌர்ணமியோடு முடிந்துவிடும். ஆக, வளர்பிறைக்குக் கண்டி, தேய்பிறைக்கு நல்லூர். இரண்டு வாரம் லீவு கிடைத்தால் இரண்டையும் பார்க்கலாம். ஒரு வாரம்தான் என்றால் பௌர்ணமியை ஒட்டிப் போங்கள். கண்டியைப் பாருங்கள். நான் பார்த்தது அது. அதனால்தான் சொல்கிறேன்.

1967. எனக்கு ஏழு வயது. அப்போது நாங்கள் இலங்கையில், அட்டனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து சனம் இருபது பேர் ரயிலேறிக் கண்டிக்குப் போனோம். மத்தியானமே தெருவோரத்தில் பாய் விரித்து இடம் பிடித்தாயிற்று. உன் அப்பத்தா எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இருட்டினதும் தெருவே அடங்கிப்போனது. அப்போது தூரத்தில் பளீர், பளீரென்று ஒரு சத்தம். துப்பாக்கி என்று நினைத்து அழுதேன். உன் தாத்தா என்னைத் தோளில் ஏற்றி, "சாட்டைடா, சாமி வருதுன்னு வழி விடச் சொல்றாங்க" என்றார். சாட்டைக்காரர்கள்தான் முதலில் வருவார்கள். பிறகு தீப்பந்தம். இரும்புக் கூண்டில் கொப்பரையைப் போட்டு எரிப்பார்கள். அந்தத் தேங்காய்ப் புகை வாசம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அம்மா அடுப்பில் தேங்காய்த் தொட்டியைப் போடும்போதெல்லாம் நான் ஒரு நிமிஷம் நின்றுவிடுவேனே, நீ சின்னப் பிள்ளையில் ஏனென்று கேட்பாய். இதுதான்.

கொட்டுக்காரர்கள் போன பிறகு மாளிகை யானை வந்தது. தலதா மாளிகையில் இருக்கும் புத்தர் பல் வெளியே வருவதில்லை. அதன் பேழைக்கு ஒரு நகல் உண்டு, யானை சுமப்பது அதைத்தான். அந்த யானை மண்ணில் கால் வைக்கக் கூடாதென்று வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டே போனார்கள். நான் பார்த்தபோது சுமந்தது ராஜா என்கிற கொம்பன். 1988இல் இறந்துபோனது. பாடம் செய்து அங்கேயே வைத்திருக்கிறார்கள், பெரியவனுக்குக் காட்டு.

பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போ. தலதா மாளிகை ஊர்வலம் மட்டும் போவதில்லை. அதன் பின்னால் நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி என்று நான்கு தேவாலயத்து ஊர்வலங்கள் வரும். கந்தன் முறை வரும்போது காவடி ஆட்டம் இருக்கும். கடைசியில் பத்தினி. அது நம் கண்ணகி. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னன் வந்திருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. வகுப்பில் முப்பது வருஷம் அதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தத் தெருவும் தாத்தாவின் தோளும்தான் ஞாபகம் வரும். லயத்துப் பெண்கள் எல்லோரும் பத்தினி யானைக்குக் கை எடுத்துக் கும்பிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிங்களப் பாட்டியும் கும்பிட்டாள். அப்பத்தாவுக்கு அவள் வெற்றிலை கொடுத்தாள்.

முதல் ஐந்து இரவு கும்பல் பெரஹரா, பின் ஐந்து இரவு ரந்தோலி. போகப் போக யானையும் கூட்டமும் பெருகும். கடைசி ரந்தோலிக்கு ஹோட்டல் மாடியிலும் கடை வாசலிலும் நாற்காலி போட்டு நல்ல விலைக்கு விற்பார்கள். நம் குட்டியை வைத்துக்கொண்டு மூன்று நான்கு மணி நேரம் தரையில் உட்கார முடியாதென்றால் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. முடியுமென்றால் கும்பல் நாளில் ஒன்றைப் பிடித்துப் பாய் விரித்து உட்காருங்கள். யாராவது வெற்றிலை நீட்டுவார்கள்.

நல்லூரை நான் பிறகுதான் பார்த்தேன். 2018இல் ஓய்வு பெற்றதும் அம்மாவும் நானும் ஒரு யாத்திரைக் குழுவோடு போனோமே, அப்போது. மலைநாட்டுப் பக்கம் வண்டி போகவில்லை. கேட்டுப் பார்த்தேன், நேரமில்லை என்றார்கள். ஆனால் நல்லூர்த் தேரைப் பார்த்தோம். போர்த்துக்கீசர் இடித்த கோயில், இப்போதிருப்பது 1734இல் எழுப்பியது. திருவிழா முழுக்கச் சுற்று வீதிகளில் வண்டி கிடையாது. வெறும் மணல், செருப்பில்லாத கால்கள். பூசைக்குச் சொன்ன நேரம் சொன்ன நேரம்தான், யாருக்காகவும் ஒரு நிமிஷம் தள்ளாது. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். ஆண்கள் உள்ளே போகும்போது சட்டையைக் கழற்ற வேண்டும், மாப்பிள்ளைக்கு இப்போதே சொல்லி வேட்டி எடுத்து வைக்கச் சொல். உள்ளே போட்டோ எடுக்க அனுமதியில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

கதிர்காமத்திலும் இந்தப் பருவத்தில்தான் திருவிழா, பெரும்பாலும் ஜூலையிலேயே முடிந்துவிடும். வடக்கிலிருந்து காட்டு வழியாக வாரக்கணக்கில் நடந்தே அங்கே போகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. திரை போட்டு மூடிய சன்னிதி. பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமில்லாமல் பூசை செய்வார். மாணிக்க கங்கையில் குளித்துவிட்டு உள்ளே போவது வழக்கம். அப்பத்தா இரண்டு தடவை போயிருக்கிறாள். 1974இல் எங்களை இந்தியாவுக்கு அனுப்பும் கப்பலுக்குப் பேர் வந்தபோது மூன்றாம் தடவைக்கு நேர்ந்திருந்தாள், முடியவில்லை. தலைமன்னார், மண்டபம், அங்கிருந்து இந்த மலை. அப்போது இங்கே 1968இல் தொடங்கிய அரசு தேயிலைத் தோட்டம் ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. அங்கே கிள்ளிய கொழுந்தையே இங்கேயும் கிள்ளினாள்.

அவளைப் பற்றி உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. நீ பிறப்பதற்கு முன்னால், நம் குடியிருப்பு மாரியம்மன் கோயில் பூமிதி அன்றைக்கு அவளுக்கு மருள் வந்தது. தலை அவிழ்ந்து, சேலை நழுவி, தன் நினைவில்லாமல் ஆடினாள். பெண்கள் சுற்றி நின்று பிடித்துக்கொண்டார்கள். சீசனுக்கு ஊட்டி வந்த ஒரு கூட்டம், தாரை தப்பட்டைச் சத்தம் கேட்டு வண்டியை நிறுத்திச் செருப்போடு உள்ளே வந்துவிட்டது. ஒருவர் கேமராவை அவள் முகத்துக்கு ஒரு முழத்தில் வைத்து எடுத்தார். திரும்பத் திரும்ப எடுத்தார். நான் தடுத்தேன். "ஃபெஸ்டிவல்தானே, பார்க்கத்தானே வச்சிருக்கீங்க" என்றார். அவள் மயக்கம் தெளிந்து நடந்ததைக் கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சாகும்வரை சித்திரைத் திருவிழாவில் அவள் முன்வரிசைக்கு வரவே இல்லை. பின்னால், மரத்தடியில் நின்றுதான் கும்பிடுவாள்.

ஊட்டி மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, நம் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, இவையெல்லாம் மே மாதம் வருகிறவர்களுக்காகவே வைப்பது. வரட்டும், பார்க்கட்டும், எடுக்கட்டும். இ-பாஸ் எடுத்து, வளைவுக்கு வளைவு நின்று இவ்வளவு தூரம் ஏறி வருகிறவர்களுக்கு அது சேரவேண்டியதுதான். அம்மன் கோயில் பூமிதியை நாங்கள் யாருக்கும் வைக்கவில்லை. அங்கே வருகிறவர் விருந்தாளி. கண்டியிலும் நல்லூரிலும் நீங்களும் விருந்தாளிகள். நம் பூர்வீகம், நம் பாஷை, நம் சாமி என்று நினைத்து உரிமை எடுக்காதே. காவடி எடுக்கிறவர் முதுகில் செடில் கொக்கி குத்தியிருக்கும். பெரியவன் ஆர்வத்தில் போனை நீட்டுவான், நீ மெதுவாகக் கையைப் பிடித்துக்கொள். வழியில் தேயிலை மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் தென்படுவார்கள். அவர்கள் கூடையை வாங்கி முதுகில் மாட்டிப் படம் எடுக்க வேண்டாம். உன் அப்பத்தா முதுகில் கிடந்த கூடை அது.

சில்லறை விஷயங்கள். அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா தினம், அரசு விடுமுறை. இறைச்சி, மதுக் கடைகள் மூடியிருக்கும். கோயிலுக்கும் விகாரைக்கும் முட்டியும் தோளும் மூடின உடுப்பு எடுத்து வை. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது அவர்கள் மனதை நோகடிக்கும். மலைப்பக்கம் மழையும் குளிரும் இருக்கும். துபாய் வெயிலில் இருந்து போகிறீர்கள், குட்டிக்கு அம்மா பின்னிய ஸ்வெட்டரை மறக்காதே.

நாங்கள் இருந்த லயத்தைத் தேடிப் போகாதே. தோட்டத்தின் பேரை நான் உனக்கு எழுதவும் இல்லை. அந்த அறையில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கும். வாசலில் போய் நின்று என்ன கேட்பது?

உங்களோடு வருகிறீர்களா என்று மாப்பிள்ளை கேட்டதாக அம்மா சொன்னாள். முழங்கால் இந்த வருஷம் விடாது. கேட்டதே சந்தோஷம் என்று சொல். ஒன்று மட்டும் செய்யுங்கள். கண்டியில் இருட்டினதும், தெரு அடங்கினதும், எனக்குப் போன் போடு. வீடியோ வேண்டாம், பேசவும் வேண்டாம். போனைத் தெருப்பக்கம் நீட்டிப் பிடித்துக்கொள். எட்டு மணியிலிருந்து போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். முதல் சாட்டை விழுந்ததும் போனை வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அன்புடன்
அப்பா