எத்தனை சதவீதம் பயோடீசல் என்று எழுதி விற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டுக்கோட்டையில் இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்புகிற பம்ப், அதைச் சிலிண்டருக்குள் தூவுகிற நாசில் இரண்டுக்கும் சர்வீஸ் பட்டறை நடத்துகிறேன். டிராக்டர், நெல் அறுவடை மெஷின், மினி லாரி, தண்ணீர் இறைக்கிற இன்ஜின் என்று டீசலில் ஓடுகிற எல்லாமே வரும். கிராமங்களில் பேரலிலும் கேனிலும் பயோடீசல் என்று சொல்லி விற்கிற எண்ணெயைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சம்பா உழவுக்கு டிராக்டர்கள் இறங்குகிற நேரத்தில் இது விவசாயிகள் கண்ணில் பட்டால் நல்லது.

அண்மையில் ஒரு 45 எச்.பி. டிராக்டரின் பம்ப் வந்தது. ரோட்டில் ஓட்டினால் ஒன்றும் தெரியவில்லை, சேற்றில் ரோட்டவேட்டரை இறக்கியதும் இன்ஜின் அமுங்கி நின்றுவிடுகிறது என்றார் டிராக்டர்காரர். மூடியைக் கழற்றினால், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற, விரல் பட்டாலே நழுவ வேண்டிய மீட்டரிங் வால்வு இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பழுப்பு நிறப் பிசின். கசியாமல் அடைக்கிற ஓ-ரிங் ரப்பர் வளையங்கள் ஊதிப்போய், நகம் வைத்த இடத்தில் பிய்ந்து வந்தன. ஃபில்டரை முகர்ந்தால் பலகாரம் சுட்ட சட்டி வாடை அடித்தது. பம்ப்பை முழுக்கப் பிரித்து, சீல் கிட் மாற்றி, நாசில்களை டெஸ்ட் பண்ணிக் கொடுத்தோம். அந்தச் செலவைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். ஊரே உழவுக்கு வண்டி கேட்டு நிற்கும்போது டிராக்டர் ஷெட்டில் கிடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. வேனில் பேரல் ஏற்றி வந்தவரிடம், டீசலைவிட லிட்டருக்கு இத்தனை ரூபாய் குறைவு என்ற பேச்சை நம்பி வாங்கியிருக்கிறார். ரசீது கிடையாது. அதில் என்ன இருந்தது, எத்தனை சதவீதம் என்று இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

இதை வைத்து "பயோடீசலே இன்ஜினுக்கு ஆகாது" என்று பேசுகிறவர்கள் எங்கள் தொழிலிலேயே நிறையப் பேர். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முறைப்படி தயாரித்த பயோடீசல் நல்ல எரிபொருள். தாவர எண்ணெயையோ கொழுப்பையோ மெத்தனாலோடும் காஸ்டிக் சோடா மாதிரி காரத்தோடும் வினைபுரியச் செய்து, அடியில் தங்கும் கிளிசரினைப் பிரித்து, கழுவி, ஈரம் போகக் காய்ச்சி எடுப்பது அது. கந்தகம் நீக்கிய இன்றைய டீசலில் வழுவழுப்பு குறைவு. 2 சதவீதம் பயோடீசல் சேர்த்தாலே பம்ப்புக்கு அந்த வழுவழுப்பு திரும்பக் கிடைத்துவிடும். புகையும் குறையும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் டீசலைவிட ஏறக்குறைய 8 சதவீதம் சக்தி குறைவு என்பது உண்மை. ஆனால் 20 சதவீதம் மட்டும் கலந்த எண்ணெயில் உழுகிறவருக்கு அந்த வித்தியாசம் கையில் தெரியாது. 2002 கடைசியிலேயே டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தி ரயிலை 5 சதவீதக் கலவையில் ஓட்டிப் பார்த்தார்கள். இந்தோனேசியாவில் பனை எண்ணெயில் எடுத்ததை 40 சதவீதம் வரை கலக்கிறார்கள். நாம் பங்க்கில் பிடிக்கிற பி.எஸ்.6 டீசலிலேயே 7 சதவீதம் வரை பயோடீசல் இருக்கலாம் என்று டீசலுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 1460 அனுமதிக்கிறது. இது டிராக்டர் வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பேரலில் வருவதில்தான் சிக்கல். சமையல் எண்ணெயை வெறுமனே வடிகட்டி டீசலில் கலந்தால் அது பயோடீசல் ஆகாது. அது டீசலைவிடப் பல மடங்கு கெட்டி, நாசிலில் தூவலாக வராமல் ஒழுகும். முழுதாக எரியாமல் நாசில் நுனியிலும் பிஸ்டன் ரிங்கிலும் கரியாகப் படியும், மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி இன்ஜின் ஆயிலைக் கெடுக்கும். அரைகுறையாகத் தயாரித்ததில் கிளிசரினும் சோப்பும் தங்கிவிடும். பயோடீசலுக்கான ஐ.எஸ். 15607 தரத்தில் தனிக் கிளிசரின் 0.02 சதவீதத்துக்கு மேல் கூடாது, தண்ணீர் கிலோவுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. வேனில் வருகிற பேரலை இந்த அளவுக்கு யார் சோதித்தார்கள்? குஜராத்தில் தொழிற்சாலை எண்ணெய்களையே பயோடீசல் என்று லாரிகளுக்கு விற்று, அரசு இறங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

விலையையும் யோசித்துப் பாருங்கள். கடையில் ஒரு லிட்டர் பாமாயில் என்ன விலை? அதற்கு மேல் மெத்தனால், கரன்ட், கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர வேண்டும். பயன்படுத்திய எண்ணெயில் செய்தால் கொஞ்சம் குறையும், அதையும் சேகரித்துச் சுத்தம் செய்யச் செலவு உண்டு. அப்படியிருக்க, பங்க் டீசலைவிட ரொம்பக் குறைந்த விலைக்கு ஒருவர் வீட்டு வாசலில் வந்து ஊற்றினால், வாங்குமுன் நாலு கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

சரி, நாமே தயாரித்துக்கொள்ளலாமே என்று புங்கன் கொட்டையை வைத்துக்கொண்டு சில இளைஞர்கள் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இதற்கு வேண்டிய மெத்தனால் கொடிய விஷம், எளிதில் தீப்பிடிக்கும். 2024-ல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது இந்த மெத்தனால்தான். அது வீட்டுக் கொல்லைக்கு வரவே கூடாது.

நல்ல பயோடீசலாகவே இருந்தாலும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். டேங்க்கில் பல வருஷமாகப் படிந்த கசடை அது கரைத்துக் கொண்டுவரும், அதனால் ஆரம்பத்தில் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். முதலில் டேங்க்கைக் கழுவிவிட்டு ஊற்றுங்கள், கையில் இன்னொரு ஃபில்டர் இருக்கட்டும். பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ் கலவை கூடக்கூட ஊதிக் கசியும், அதற்கேற்ற ஹோஸாக மாற்ற வேண்டும். பித்தளை, செம்பு, துத்தநாகம் பட்டால் எண்ணெய் விரைவில் கெடும், நாகத்தகடு டிரம்மில் வைக்காதீர்கள். பயோடீசல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அறுவடை முடிந்து மாதக்கணக்கில் நிற்கப்போகும் மெஷினின் டேங்க்கில் அதை விட்டுவைத்தால் அடியில் தண்ணீர் சேர்ந்து கிருமி வளர்ந்து, சளி போன்ற கசடு வரும். மெஷினை நிறுத்துவதற்கு முன் சாதா டீசல் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டிவிடுங்கள். மெக்கானிக்கல் பம்ப் உள்ள 50 எச்.பி.க்குக் கீழான டிராக்டர்கள் தரமான கலவையைப் பெரிதாக முரண்டு பிடிக்காமல் ஏற்றுக்கொள்ளும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் அதிக அழுத்தத்தில் டீசல் தூவுகிற காமன் ரெயில் இன்ஜினும் புகை வடிகட்டியும் உள்ள புது வண்டிகளில் கம்பெனிக் கையேட்டில் போட்டிருக்கிற சதவீதத்தைத் தாண்டவே கூடாது. தாண்டினால் வாரண்டியும் போகும்.

எங்கள் பக்கம் வயதானவர்களிடம் பயோடீசல் என்றாலே காட்டாமணக்கு நினைவுக்கு வந்து முகம் சுளிக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு முன், பயோடீசல் எடுக்கக் காட்டாமணக்கைத் தரிசில் நடுங்கள், தண்ணீரே வேண்டாம், கொட்டையை வாங்க ஆள் வருவார்கள் என்றார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் காய்ப்பு இல்லை, விளைந்ததற்கும் விலை இல்லை, கடைசியில் பலர் பிடுங்கிப் போட்டார்கள். 2017-க்குள் 20 சதவீதம் கலப்போம் என்று 2009-ல் போட்ட கொள்கை நிறைவேறவில்லை. 2018 கொள்கையில் 2030-க்குள் 5 சதவீதம் என்று இறங்கி வந்திருக்கிறார்கள். இந்த 5 சதவீதமாவது உருப்பட வேண்டுமானால், நல்ல எண்ணெயின் பெயரைக் கள்ள எண்ணெய் கெடுக்க விடக்கூடாது. ஓட்டல்களில் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் மனிதர் வயிற்றுக்குப் போகாமல் இன்ஜினுக்குப் போக வேண்டும் என்று 2018-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் திட்டம் போட்டது. எவ்வளவு நல்ல காரியம் அது!

அரசிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பங்க்கிலோ தனியாகவோ பயோடீசல் கலந்த எதை விற்றாலும், எத்தனை சதவீதம் என்று பம்ப்பிலும் ரசீதிலும் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அனுமதி பெற்றவர்கள் பட்டியலை வேளாண் விரிவாக்க மையங்களில் ஒட்டுங்கள். சந்தேகப்பட்ட எண்ணெயை ஒரு பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்தால் சோதித்துத் தாளில் எழுதித் தர மாவட்டத்துக்கு ஓர் இடமாவது வேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால்தான் பம்ப் கெட்டவர் விற்றவரிடம் நஷ்டஈடு கேட்க முடியும். அதுவரை ரசீது தராதவரிடம் எண்ணெய் வாங்காதீர்கள். வாங்கும்போதே ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து மூடி, தேதி எழுதி வையுங்கள். பம்ப் என் மாதிரி மெக்கானிக்கிடம் வரும்போது அந்தப் பாட்டிலும் கூடவே வரட்டும்.

இப்படிக்கு,
டீசல் பம்ப் மெக்கானிக்,
பட்டுக்கோட்டை.