அளக்காமல் ஊற்றும் ஒரு மூடி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைப்பது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கடலே இல்லாத நம் கொங்குச் சீமையிலும் இதில் நாட்டம் உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்று மதித்து வெளியிட்டதற்கு நன்றி. ஆனால், 'பாறையில் நிறம் ஏறத் தினமும் ஒரு மூடி கால்சியம் திரவம் ஊற்றினால் போதும்' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை நம்பி யாரும் தொட்டியைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை ஆய்வகத்தில் 26 ஆண்டுகள் தண்ணீர் பார்த்தவன். காலையும் மாலையும் பியூரெட் என்ற அளவுக் குழாயில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் பேரேட்டில் எழுதுவதுதான் என் வேலை. கடினத்தன்மை கூடினால் துணியில் சாயம் திட்டுத் திட்டாக ஏறும். அங்கே கால்சியம் எங்களுக்குப் பகை. ஓய்வு பெற்றபின் வீட்டுக் கூடத்தில் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்தேன். அதே கால்சியத்தை இங்கே காசு கொடுத்து வாங்கி ஊட்டுகிறேன்.

கட்டுரையோடு பவளத்தின் படம் போட்டிருந்தீர்கள். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன; புலி இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு ஏற்றிப் போனார்கள். அதை அறிந்தவன் கடையில் கிடைக்கிறது என்பதற்காக வாங்கக் கூடாது. என் தொட்டியில் இருப்பவை சுட்ட மண் கற்கள், அவற்றின்மேல் படர்ந்த இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி, காசு காசாகத் தழை அடுக்கும் ஹாலிமீடா பாசி, சில நத்தைகள், தொட்டியிலேயே பொரித்து வளர்க்கப்பட்ட ஒரு ஜோடி கோமாளி மீன். பவளம் இல்லையென்றால் இந்தக் கால்சியக் கணக்கே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பாசியும் நத்தையும் தங்கள் ஓட்டையும் உடலையும் கால்சியம் கார்பனேட்டால்தான் கட்டுகின்றன.

அதில் கால்சியம் ஒரு பாதிதான். மறுபாதியான கார்பனேட்டைத் தருவது தண்ணீரின் காரத்தன்மை. இதை, தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். அமிலத்தைத் தாங்கும் திறனின் அளவு இது. தொட்டி வைப்பவர்கள் டி.கே.எச். என்ற அலகில் சொல்வார்கள். கடலில் இது ஏறத்தாழ 7. கால்சியம் லிட்டருக்கு 410 முதல் 420 மில்லிகிராம். உயிர்கள் சுண்ணாம்பு கட்டும்போது காரத்தன்மை 2.8 குறைந்தால் கால்சியம் 20 மில்லிகிராம்தான் குறையும். 7இல் 2.8 போவது பெருநட்டம். 420இல் 20 போவது கண்ணுக்கே தெரியாது. பசிக்கும்போது முதலில் காலியாவது காரத்தன்மைதான். கட்டுரையோ அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் கால்சியத்தை மட்டும் ஊற்றச் சொல்கிறது.

இதே யோசனையை இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைக்காரர் எனக்கும் சொன்னார். இருபது நாள் ஊற்றினேன். பாசி வெளுத்துக்கொண்டே போனது. அளந்து பார்த்தபோது கால்சியம் 520, காரத்தன்மை 5.5. பதறிப்போய், காரத்தன்மையை ஏற்ற 30 கிராமுக்குமேல் சமையல் சோடாவைக் கரைத்து ஒரே இரவில் ஊற்றினேன். தண்ணீர் பாலாக வெளுத்தது. வெந்நீர் அண்டாவின் அடியில் படிகிறதே, அதே வெள்ளைக் கறை விடிவதற்குள் பம்ப்பின் விசிறியை இறுக்கிவிட்டது. மூன்று நத்தைகள் செத்துக் கிடந்தன. அந்தக் காலையை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு நாளில் 1 டி.கே.எச்.க்குமேல் ஏற்றக் கூடாது என்பதை அன்று முதல் கண்டிப்பாகப் பின்பற்றுகிறேன்.

இப்போது செய்வது இதுதான். ஐந்து நாள் எதையும் ஊற்றாமல், தினமும் மாலை ஆறு மணிக்குக் காரத்தன்மையை அளந்தேன். நிறம் பச்சையிலிருந்து இளஞ்சிவப்பாகும் சொட்டை எண்ணுவது என் பேத்தி. "அப்புச்சி, மாறிவிட்டது" என்று அவள் சொன்னதும் நோட்டில் எழுதுவேன். 8.3 இருந்தது 6.8 ஆனது, நாளுக்கு 0.3. நூறு லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா 1 டி.கே.எச். ஏற்றும் என்பதால், என் தொட்டிக்கு ஒரு நாளைக்கு 2.7 கிராம். அதற்கு இணையான கால்சியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் சொச்சம். அதைத் தர, கடையில் உப்பாகக் கிடைக்கும் நீரேறிய கால்சியம் குளோரைடில் 2.4 கிராம் போதும். இரண்டு மில்லிகிராம் வித்தியாசத்தை வீட்டுச் சோதனைப் பெட்டி காட்டாது. ஆகையால் தினம் பார்ப்பது காரத்தன்மை, வாரம் ஒருமுறை கால்சியம். இந்த எண்கள் என் தொட்டிக்கு உரியவை. பக்கத்து வீட்டுத் தொட்டியின் பசி வேறு.

சமையல் சோடாவையும் கால்சியம் குளோரைடையும் ஒரே பாத்திரத்தில் கரைத்தால் அங்கேயே சுண்ணாம்பாகிவிடும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று, நீர் வேகமாக ஓடும் இடத்தில் மெதுவாக விடுகிறேன். பட்டறைகளில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், காரத்தன்மையை ஏற்றும் சோடா ஆஷ் (சலவை சோடா) மலிவாயிற்றே என்று திருப்பூர் நண்பர்கள் கேட்கிறார்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று துணிக்குக் கவலை இல்லை, நத்தைக்கு உண்டு. துளிச் செம்பு போதும், அதைக் கொல்ல. உணவுத் தரத்தில் உள்ளதையே வாங்குங்கள். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அது வேண்டாம். மக்னீசியம் லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவில் இருக்கிறதா என்பதையும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். அது குறைந்தால், ஊற்றுவதெல்லாம் வெள்ளையாகப் படிந்துகொண்டே இருக்கும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் வீசும்போது என் தொட்டியில் நாளுக்கு 4 லிட்டர் வற்றுகிறது. உப்பு வற்றுவதில்லை. ஒரு வாரம் கவனிக்காவிட்டால் 400 இருந்த கால்சியம் 440 என்று காட்டும். சேர்ந்தது எதுவும் இல்லை, தண்ணீர்தான் சுருங்கியிருக்கிறது. அதைப் பார்த்து கால்சியம் ஊற்றுவதை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். வற்றியதை ஆர்.ஓ. நீரால் ஈடுகட்டி, உப்பின் அளவைச் சரிபார்த்த பிறகே மற்றதை அளக்க வேண்டும். போர்வெல் தண்ணீரில் கால்சியம் இருக்கிறதே என்று அதை ஊற்றாதீர்கள். அதில் வேறு என்னென்ன இருக்கின்றன என்று நான் 26 ஆண்டுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த இணைப்பில் அந்த ஒரு வரியைத் திருத்தி, காரத்தன்மையை முதலில் அளக்கும்படி வெளியிட வேண்டுகிறேன். கட்டுரையாளருக்கு என் நோட்டைக் காட்டவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாயப்பட்டறை ஆய்வகப் பணியாளர்,
திருப்பூர்.